பழுப்புப் படம்

"சார், செபியாவா, பிளாக் அண்ட் ஒயிட்டா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தை அடுத்த தெருவில் ஒரு சின்னக் கடை. போட்டோ அச்சடிப்பார்கள், லாமினேஷன் செய்வார்கள், செல்போனுக்கு உறை விற்பார்கள். என் தகப்பனாரின் படத்தைப் புதிதாக அச்சுப் போட்டு வாங்கி வரலாம் என்று போயிருந்தேன். கம்ப்யூட்டர் திரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பையன் ஒரு தட்டுத் தட்டினான். அப்பா கறுப்பு வெள்ளையானார். இன்னொரு தட்டு, பழுப்பானார். ஐந்து நிமிஷத்துக்குள் நாலு தடவை நிறம் மாறிவிட்டார். உயிரோடு இருந்த காலத்தில் அவ்வளவு சுலபமாகத் தம் அபிப்பிராயத்தை மாற்றிக் கொண்டவர் அல்ல.

"செபியாவே போட்டுடலாம் சார். பழைய லுக் வரும்" என்றான் பையன்.

எனக்குச் சுருக்கென்றது. பையன் பேரில் குற்றமில்லை. பழுப்பு என்றால் பழசு என்றுதான் இன்றைக்கு எல்லோரும் நினைக்கிறார்கள். சினிமாவில் கதாநாயகன் பழைய நினைவில் ஆழ்ந்தால் திரை உடனே பழுப்பாகிவிடுகிறது. ஆனால் பழுப்புப் படம் எடுத்துக் கொண்ட எந்த மனிதனாவது, எந்த ஸ்திரீயாவது, "எனக்குப் பழைய தோற்றம் வேண்டும்" என்று காசு கொடுத்திருப்பார்களா? இருப்பதில் நல்ல வேஷ்டியைக் கட்டிக் கொண்டு, இரவல் கடிகாரத்தை மணிக்கட்டில் மாட்டிக் கொண்டு, புத்தம் புதிதாக இருப்பதற்காக அல்லவா ஸ்டூடியோவுக்குப் போனார்கள்?

"யோசித்துச் சொல்கிறேன், தம்பி" என்று எழுந்து வந்துவிட்டேன். யோசனை ஒரு வாரம் பிடித்தது.

விஷயம் இவ்வளவுதான். ஆவடியில் இருக்கும் என் தமக்கையார் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் படமும் அப்பாவின் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. இரண்டும் பழுப்பு. சென்ற மழையில் சுவர் ஓதம் கண்டு அப்பாவின் படச் சட்டத்துக்குள் கறை இறங்கிவிட்டது. "ரெண்டையும் புதுசாப் பண்ணி எடுத்துண்டு வா. எப்படி இருந்ததோ அப்படியே, பழுப்பாவே இருக்கட்டும்" என்பது அக்காவின் உத்தரவு. எண்பதைக் கடந்தவள் உத்தரவிட்டால் எழுபதைக் கடந்தவன் நிறைவேற்ற வேண்டியதுதானே? ஆனால் 'எப்படி இருந்ததோ அப்படி' என்பதில்தான் சிக்கல். அப்பாவின் படம் எப்படித்தான் இருந்தது?

செபியா என்பது கிரேக்கச் சொல். கணவாய் மீனுக்குப் பெயர். நம் காசிமேட்டுக் கடற்கரையில் வலையில் விழும் அதே கணவாய்தான். துரத்துகிறவன் கண்ணை மறைப்பதற்காக அது கக்குகிற மையைக் காய வைத்து, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் பழுப்புச் சாயமாகப் பயன்படுத்தினார்கள். போட்டோவில் கணவாயும் இல்லை, அதன் மையும் இல்லை. நிறம் ஒத்திருந்ததால் பெயர் ஒட்டிக் கொண்டது. நாம் புகையே இல்லாத ஒரு பொருளைப் 'புகைப்படம்' என்று சொல்லவில்லையா? அந்த மாதிரிதான்.

1839-ம் வருஷம் பாரிஸில் தாகேர் தம் முறையை வெளியிட்டார். அதே வருஷம் இங்கிலாந்தில் டால்பட் தமது காகித முறையைச் சொன்னார். அதற்கப்புறம் ஐம்பது வருஷ காலம் காகிதத்தில் விழுந்த படங்களெல்லாம் பெரும்பாலும் பழுப்புத்தான். யாரும் பழுப்பு வேண்டுமென்று கேட்கவில்லை. வேறு நிறம் வரவில்லை. வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தின் மேல் நெகடிவை வைத்து வெயிலில் காட்டினால், வெயிலே படத்தை அச்சடிக்கும். அப்படி உண்டாகும் வெள்ளித் துகள்கள் மிகமிக நுண்ணியவை. நுண்ணிய வெள்ளி கண்ணுக்குச் செம்பழுப்பாகத் தோன்றும். கறுப்பாகத் தோன்ற வேண்டுமானால் துகள்கள் பருத்து, நார் நாராகப் பின்னிக் கிடக்க வேண்டும். அந்த வித்தை பின்னால் வந்தது.

1850-ல் பிளாங்கார் எவ்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் முட்டையின் வெள்ளைக்கருவைக் காகிதத்தில் பூசி, அதன் மேல் வெள்ளி உப்பேற்றும் முறையைக் கொண்டு வந்தார். படம் பளபளவென்று தெளிவாக விழுந்தது. உலகம் முழுவதும் அதைப் பிடித்துக் கொண்டது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று 1888-ல் மட்டும் இந்தக் காகிதத்துக்காக அறுபது லட்சத்துக்கு மேல் முட்டை உடைத்தது. நம் தேசத்தில் வெங்காயம் கூடச் சேராத எத்தனையோ ஆசாரமான குடும்பங்களில், கொள்ளுத் தாத்தாவின் படத்தைப் பூஜை அறையில் மாட்டிக் கற்பூரம் காட்டினார்களே, அது முட்டை மேல் எழுதிய படம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்லாமல் விட்டது நல்லதுதான். பிற்காலத்துப் படங்களில் முட்டைக்குப் பதில் ஜெலட்டின் வந்தது. அது எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுப்பது. ஆகையால் அதிலும் ஆசாரத்துக்கு ஆறுதல் இல்லை.

சென்னை இந்த விஷயத்தில் பின்தங்கியிருக்கவில்லை. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-ல் இங்கே ஒரு சித்திரப் பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய அரசுக் கவின்கலைக் கல்லூரி அதன் வாரிசுதான். 1856-ல் சென்னைப் புகைப்படச் சங்கம் ஏற்பட்டது. அதே 1856-ம் வருஷம் ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுக் கொண்டு போகும் பாதை அதுதான். கேமராவும் ரயிலும் எங்கள் பக்கத்துக்கு ஏறக்குறையச் சேர்ந்தே வந்தன என்று நான் பெருமையடித்துக் கொள்வதுண்டு. ரயில் நின்றது, கேமரா அவ்வளவு சீக்கிரம் இங்கே இறங்கவில்லை என்பது வேறு சமாசாரம்.

அந்த வருஷமே லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக நியமித்தார்கள். அவர் 1857 டிசம்பரில் புறப்பட்டு நாலைந்து மாதம் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக் கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களை வரிசையாகப் படம் பிடித்து ஒட்டி நீளமான சுருளாகச் செய்தார். நம் கோவில்களை முதல் முதலாகப் பெரிய அளவில் படமெடுத்தவர் அவர் என்று தாராளமாகச் சொல்லலாம். டிரெவெலியன் துரை கவர்னராக வந்ததும், இது வீண் ஆடம்பரம் என்று அந்த இலாகாவை மூடிவிட்டார். டிரைப்பைப் பற்றி இங்கே சொல்லக் காரணம் கோவில் அல்ல. அவர் தம் படங்களைத் தங்க உப்புக் கரைசலில் நனைத்தார். வெறும் வெள்ளிப் படம் காற்றுப் பட்டு மங்கிப் போகும். தங்கம் ஏறிய படம் நிற்கும், நிறமும் செம்பழுப்பிலிருந்து கருநாவல் சாயலுக்கு நகரும். நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலான பிறகு, 2014-ல் வாஷிங்டனில் அவற்றை மாட்டிக் காட்சி வைத்தார்கள். நிறம் என்பது அழகுக்கு மட்டும் அல்ல, ஆயுளுக்கும் சம்பந்தப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். அப்பாவின் படத்துக்குத் திரும்பும்போது உதவும்.

கோவிலிலிருந்து மனிதர்களுக்கு வருவோம். பாரிஸில் டிஸ்டேரி என்பவர் 1854-ல் சீட்டுக்கட்டு அளவில் சின்ன அட்டைப் படங்களுக்கு உரிமம் பெற்றார். ஒரே தகட்டில் எட்டுப் படம் எடுத்து வெட்டி ஒட்டுவது. விலை சரிந்தது, சாதாரண ஜனங்களும் படம் எடுத்துக் கொள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் பூந்தமல்லி அப்போது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பாசறை ஊர். கப்பலிலிருந்து இறங்கிய புதுச் சிப்பாய்களை அங்கேதான் கொண்டு போய் வைப்பார்கள். நோய்ப்பட்டவர்களும் சீமைக்குத் திரும்ப வேண்டியவர்களும் அங்கேதான் காத்திருப்பார்கள். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊருக்கு வந்த காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! சென்னையில் நிக்கோலஸ் கம்பெனி, பின்னால் வீலே அண்டு கிளைன் என்று பெரிய ஸ்டூடியோக்கள் இருந்தன. துரைகளும் ஜமீன்தார்களும் வக்கீல்களும் அங்கே போய்த் தூணில் சாய்ந்து நின்றார்கள். நின்றவர்கள் எல்லோரும் பழுப்பாகத் திரும்பி வந்தார்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனங்களுக்குக் கிடைத்தது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். புரோமைடு காகிதம் வந்தது. அதற்கு வெயில் வேண்டாம். விளக்கு வெளிச்சத்தைச் சில விநாடி காட்டி, மருந்தில் போட்டால் படம் எழும். எழுவது கன்னங்கரேலென்று, வெள்ளை வெளேரென்று எழும். சின்ன நெகடிவிலிருந்து பெரிய படம் போடலாம். தொழில்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் மனிதர்களுக்கு என்ன பழக்கம்? படம் என்றால் பழுப்பு என்று இரண்டு தலைமுறையாகப் பழகியவர்கள். சாம்பல் பூசிய மாதிரி இருக்கும் முகத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஆகவே ஸ்டூடியோக்காரர்கள் கறுப்பாக வந்த படத்தை மெனக்கெட்டு மறுபடியும் பழுப்பாக்கி, அதற்குக் கூலி கூடக் கேட்டார்கள். பழுப்பு விதியாக இருந்த காலம் போய், பழுப்பு விலையுள்ள பொருளான காலம் வந்தது. இன்றைய பையன் விரலால் தட்டுகிற பழுப்பு இந்த இரண்டாவது பழுப்பின் நிழல்தான்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. கல்லூரியில் படித்த நாளில் விடுமுறைக்கு விடுமுறை பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து கொண்டிருப்பேன். அந்த ஸ்டூடியோவின் பெயர் இங்கே வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும். முதலாளி அநேகமாகக் கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவார். உள்ளே டச்சிங் செய்கிற ஒரு பெரியவர் இருந்தார். நெகடிவைச் சாய்வான மேஜையில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்புகளை அடைப்பார்; கண்ணுக்குக் கீழே வயதைக் குறைப்பார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பதிலுக்கு வித்தை கேட்பேன்.

பழுப்பாக்கும் வேலையை அவர் இருட்டறைக்குள் செய்ய மாட்டார். கொல்லையில், முருங்கை மரத்தடியில் மூன்று பீங்கான் தட்டுக்களைப் பரப்பிக் கொண்டு குந்துவார். முதல் தட்டில் மஞ்சளாக ஒரு கரைசல்: பொட்டாசியம் பெர்ரிசயனைடும் புரோமைடும். கறுப்புப் படத்தை அதில் போட்டால் கண்ணெதிரே கரைந்து, வைக்கோல் நிறத்தில் ஒரு சாயை மட்டும் மிஞ்சும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. யாரோ ஒருவருடைய தாயார் கண்ணெதிரே மறைந்து போகிறாள்! பெரியவர் நிதானமாகப் படத்தைத் தண்ணீரில் அலசி, இரண்டாவது தட்டில் நழுவ விடுவார். அதில் சோடியம் சல்பைடு. அவ்வளவுதான், அழுகிய முட்டை நாற்றம் கொல்லையைத் தூக்கும். தாயார் மட்டும் பழுப்பு நிறத்தில், இளஞ்சூட்டோடு இருக்கிறவள் போலத் திரும்பி வந்துவிடுவாள்.

"நாத்தத்துக்காகவா வெளியிலே செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மனுஷன் நாத்தத்தைப் பொறுத்துக்குவான் தம்பி. பேப்பர் பொறுக்காது" என்றார். அந்த வாயு இருட்டறைக்குள் புகுந்தால், பெட்டியில் இருக்கும் புதுக் காகிதமெல்லாம் வெளிச்சம் படாமலே கெட்டுப் போகும்.

வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு நாளடைவில் கறுக்கிறதே, அதே ரசாயனந்தான் இது. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்பைடு ஆக்குகிறது. விளக்கில் தானாக வருஷக்கணக்கில் நடப்பதைப் பெரியவர் தட்டில் வேண்டுமென்றே இரண்டு நிமிஷத்தில் நடத்தினார். காற்று வந்து கெடுப்பதற்கு முன்னால் நாமே முழுவதையும் மாற்றிவிட்டால், அப்புறம் காற்றுக்கு அங்கே வேலையில்லை. ஆகையால் பழுப்பாக்கிய படம் சுலபத்தில் மங்காது. ஹைப்போவும் படிகாரமும் கலந்த சுடுநீரில் ஊறப் போட்டும் இதைச் செய்வதுண்டு. நாவிதர் சவரத்துக்குப் பிறகு தடவும் அதே படிகாரம். பெரிய ஸ்டூடியோக்களுக்கு அது தோது. எங்கள் பெரியவருக்கு முருங்கை மரத்தடியே போதும்.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். படத்தை நிலைநிறுத்துவதற்கு ஹைப்போ என்ற உப்பில் போட்டு எடுக்கிறார்கள். பிறகு அந்த ஹைப்போ துளிக்கூட மிஞ்சாமல் ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கழுவாமல் கொடுத்தாலும் அன்றைக்குத் தெரியாது. படம் பளிச்சென்று இருக்கும். வாடிக்கைக்காரர் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்து, உள்ளே ஒளிந்திருந்த ஹைப்போ கந்தகத்தைக் கக்கி, படத்தை மஞ்சள் பூத்து மங்க வைக்கும். ஆனால் பழுப்பாக்குகிற படத்தில் இந்த ஏமாற்று நடக்காது. ஹைப்போ மிஞ்சியிருக்கும் படத்தைப் பெர்ரிசயனைடில் போட்டால், இரண்டும் சேர்ந்து வெள்ளியையே தின்றுவிடும். நெற்றியும் கன்னமும் அங்கேயே, அப்போதே, அரித்துக் கொண்டு போய்விடும். "பழுப்பு வேலைக்காரன் பொய் சொல்ல முடியாது தம்பி, தட்டு காட்டிக் கொடுத்துடும்" என்பார் பெரியவர். கோடைக் காலத்தில், கிணறு வற்றிக் கிடக்கும்போது, பழுப்பு ஆர்டர் வந்தால் முணுமுணுத்துக் கொண்டே இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் சுமந்து வருவார். கறுப்பு வெள்ளைக்கு அப்படிச் சுமந்ததை நான் பார்த்ததில்லை.

நிறத்தைப் பற்றி அவருக்கு ஒரு சொந்த அபிப்பிராயமும் உண்டு. "நம்ம ஜனங்களுக்குப் பழுப்புதான் பொருந்தும். கறுப்பு வெள்ளையிலே நம்ம தோல் கரி மாதிரி விழும், இல்லாட்டிச் சுண்ணாம்பு மாதிரி விழும். பழுப்பிலேதான் மாநிறம் மாநிறமா இருக்கும்." "கொஞ்சம் சிவப்பா எடுங்க" என்று சொல்லாமல் அந்த ஸ்டூடியோவில் எந்தப் பெண்ணைப் பெற்றவரும் உட்கார்ந்ததில்லை. அவர்களுக்காக விளக்கை முகத்தில் கொட்டி, பென்சிலால் வெள்ளையடித்து அனுப்பிவிட்டு, கிழவர் தமக்குத் தாமே சொல்லிக் கொள்வது இது. அழகைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் இதற்குச் சமமானது குறைவு.

அப்படியானால் கறுப்பு வெள்ளை ஏன் ஜெயித்தது? ஆபீஸ் ஜெயித்தது, அதனால் கறுப்பு வெள்ளை ஜெயித்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. டேபர் தலைமை, நேரு வந்தார், முதல் மந்திரி காமராஜ். சமதர்ம மாதிரியான சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் பொட்டல் காட்டில் திடீரென்று ஒரு நகரம் முளைத்தது. கூட்டத்தோடு கூட்டமாகக் கேமராக்காரர்களும் வந்து குவிந்தார்கள். அவர்கள் எடுத்தது அத்தனையும் கறுப்பு வெள்ளை. பத்திரிகைக்குப் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிளாக் செய்ய வேண்டும். அதற்குப் பளபளப்பான கறுப்பு வெள்ளைப் பிரதிதான் சரிப்படும், பழுப்பைக் கொடுத்தால் பிளாக்கில் இருண்டு போகும்.

தீர்மானத்தின் பலனோ, காலத்தின் பலனோ, எங்கள் பக்கம் முழுவதும் தொழிற்சாலையாக மாறியது. அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி முன்னமே இருந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஒவ்வொரு வாசலிலும் பாஸ், ஒவ்வொரு பாஸிலும் ஒரு முகம். மனுவுக்குப் படம், பரீட்சைக்குப் படம், பாஸ்போர்ட்டுக்குப் படம். சீக்கிரம் வேண்டும், மலிவாக வேண்டும், மூன்று பிரதி வேண்டும். முருங்கை மரத்தடிக்கு யார் போவார்கள்? 1967-ல் உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுப் பிலிமும் காகிதமும் ஸ்டூடியோக்களுக்கு வந்தன. அதுவும் கறுப்பு வெள்ளையின் கையை வலுப்படுத்தியது. பழுப்பு, கூடத்துச் சுவருக்கும் கல்யாண ஜோடிக்கும் என்று ஒதுங்கியது. அப்புறம் வர்ணப் படம் வந்து இரண்டையும் சேர்த்து வெளியே தள்ளியது. ஊட்டித் தொழிற்சாலையும் நொடித்து மூடிப் போயிற்று.

ஸ்டூடியோக்கள் மூடியபோது நெகடிவுகளை என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவி ஜன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் விற்றார்கள். பிலிமை வெள்ளிக்காக உருக்கினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் சில வருஷங்களுக்கு முன்னால், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடிப் பிரதி எடுத்து வைத்தார்கள். அந்தப் பிரதிகளைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: எல்லாம் பழுப்பாகத் தோன்றினாலும் எல்லாம் ஒரே பழுப்பல்ல. முட்டைக்கருவின் பழுப்பு வேறு, முருங்கை மரத்தடிப் பழுப்பு வேறு, கழுவாமல் விட்டதால் வந்த பழுப்பு வேறு.

கடைசியாகச் சொன்னேனே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போனேன். "அம்மா படத்தையும் இறக்கு" என்று மருமானிடம் சொல்லி, இரண்டையும் சட்டத்திலிருந்து பிரித்து வாசல் திண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தேன். அம்மாவின் படம் 1955-ல் எடுத்தது. காங்கிரஸ் நடந்த சில மாதங்களுக்குப் பிறகு. அப்பாவின் படம் 1958-ல் போட்டது. ஆவடி ராணுவ டிப்போவில் அவர் குமாஸ்தா. பாஸுக்காக எடுத்த சின்ன நெகடிவிலிருந்து பெரிதாக்கியது. இரண்டும் நான் மேலே சொன்ன அதே ஸ்டூடியோ; பின்புறத்து ரப்பர் முத்திரை சொல்கிறது.

பெரியவர் கற்றுக் கொடுத்த பரீட்சை சுலபமானது. படத்தைப் படுக்க வைத்து வெளிச்சத்துக்குச் சாய்க்க வேண்டும். பழுப்பாக்காத வெள்ளிப் படமாக இருந்தால், வருஷங்கள் ஆன பிறகு, கறுத்த இடங்களில் வெள்ளி மேலே பூத்து, புறாக் கழுத்து மாதிரி நீலமாக மினுங்கும். பழுப்பாக்கிய படத்தில் அது வராது.

அம்மாவைச் சாய்த்தேன். புடவைக் கரையும் கூந்தலும் அடங்கின, ஆழமான பழுப்பு. ஒரு மினுக்கும் இல்லை. நெற்றி வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

அப்பாவைச் சாய்த்தேன். கோட்டின் தோளில், தலைமயிரில், மீசையில், எல்லா இடத்திலும் நீல வெள்ளி பூத்துக் கிடந்தது. நெற்றியில் மஞ்சள். காதோரம் முகம் பாதி கரைந்து போயிருந்தது. சித்திரை மாதத்தில் போட்ட படம். கிணற்றில் தண்ணீர் இருந்திராது. கழுவாமல் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஸ்டூடியோவின் கொல்லையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் வித்தை கேட்ட எனக்கு, என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சாய்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"அக்கா, அப்பா படம் பழுப்பு இல்லை. கறுப்பு வெள்ளை. பழுதாகிப் பழுப்பாயிருக்கு" என்றேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வந்து பார்த்தாள். நான் சாய்த்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. பிறகு அம்மாவின் படத்தை மடியில் எடுத்து வைத்துக் கொண்டாள்.

"அன்னிக்கு நானும் கூடப் போனேன்டா. நீ சின்னக் குழந்தை. பழுப்புப் பண்ணினா எட்டணா கூட ஆகும்னு ஸ்டூடியோக்காரன் சொன்னான். அம்மா வேண்டவே வேண்டாம்னா. வாசல்லேயே சண்டை. எட்டணாவுக்கு ரெண்டு நாள் காய்கறி வாங்கலாம்கிறா அவ. அப்பா கேக்கலை. எண்ணிக் கொடுத்துட்டுத்தான் வந்தார்."

சற்று நேரம் கழித்து, "தனக்குக் கொடுக்கலை, பாத்தியா" என்றாள்.

திண்ணையில் வெயில் ஏறிக் கொண்டிருந்தது. நான் படங்களைத் துணியில் சுற்றினேன்.

"அப்போ அப்பாவைக் கறுப்பு வெள்ளையாவே போடப் போறியா?"

"ஆமாம். அம்மா பழுப்பு, அப்பா கறுப்பு வெள்ளை."

"ஒரே சுவத்துலே ரெண்டு நிறமா இருந்தா, வர்றவா கேப்பாளேடா."

"கேட்டால் எட்டணாக் கதையைச் சொல்லு."

அம்பத்தூர்ப் பையன் ஒரு மணி நேரத்தில் இரண்டையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டான். அப்பாவின் காதோரத்தைக் கம்ப்யூட்டரிலேயே சரி செய்யட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். புதுச் சட்டங்களை அக்காவே துடைத்து, ஆணியில் மாட்டச் சொல்லி, இரண்டு கண்ணாடியின் மேலும் சந்தனம் வைத்தாள்; அம்மாவுக்குக் குங்குமமும் வைத்தாள். அப்பா அன்றைக்குத்தான் டிப்போவுக்குப் புறப்பட்டுப் போகிறவர் மாதிரி இருந்தார்.